விரலுக்குத் தெரியாதது

மாலை ஐந்து மணிக்கு மேல், பனி இறங்குவதற்கு முன்பு, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வேலை நடக்கும். நாள் முழுவதும் காபிச் செடிகளுக்கு அடியில் புகுந்து திரிந்த நாய் வந்து படுக்கும். காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு, வாலின் அடி என்று ஒவ்வோர் இடமாகத் தடவி உண்ணி பொறுக்க வேண்டும். ஏற்காட்டில் தோட்டத்தை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்கு இது சமையல் மாதிரி அன்றாட வேலை. கண்ணால் பார்த்து உண்ணியைப் பிடிக்க முடியாது, முடிக்குள் ஒளிந்திருக்கும். விரல் நுனிதான் கண்டுபிடிக்கும். எனக்கு ஆறு வயதில் அம்மா கற்றுக்கொடுத்தது.

அதனால்தான் எங்கள் வீட்டு நாய்களின் உடம்பில் எது புதிதாக வந்தாலும் முதலில் எங்கள் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அது என்ன என்று மட்டும் விரலுக்குத் தெரியாது. இந்த இரண்டாவது செய்தியைக் கற்றுக்கொள்ள நான் ஒரு நாயை இழக்க வேண்டியிருந்தது.

2021 மார்ச் மாதம், முதல் மழை பெய்து தோட்டம் முழுவதும் காபி வெள்ளையாகப் பூத்திருந்த வாரம், மல்லியின் இடது விலாவில் ஒன்று தட்டுப்பட்டது. மல்லி லாப்ரடார் கலப்பு, அப்போது ஆறு வயது. உண்ணி என்றுதான் முதலில் நினைத்தேன். உண்ணி தோலின் மேல் கடித்துக்கொண்டிருக்கும், இதுவோ தோலுக்கு அடியில் இருந்தது. அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது, பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. மல்லிக்கு வலிக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. கழலை என்று பழையவர்கள் சொல்லுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கழன்று நழுவுகிற ஒன்று என்றே என் காதில் விழும். அன்று விரலுக்கும் அப்படியே இருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்க வரும் அக்கா ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டிதான் டீச்சர், ஒன்றும் செய்யாது, விடுங்கள்" என்றார். அன்பாகச் சொன்னார். பிற்பாடு அவர் சொன்னதே சரியென்றும் ஆனது. ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. எட்டு வருடங்களுக்கு முன்பு, எழுத்து மாறாமல் அதே வாக்கியத்தைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தவள் நான்.

அப்போது எங்களிடம் வீரா இருந்தான். பாக்சர் கலப்பு, புலிக்கோடு போட்ட உடம்பு. 2013 தை மாதம், காபிப் பழம் பறித்து முடித்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், அவனுடைய பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே காபிக் கொட்டை அளவில் ஒன்று இருந்தது. அது மெத்தென்றுதான் இருந்தது. அதற்கும் வலி இல்லை. கீழே கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்தவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, கொழுப்புக் கட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊசி வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை.

மாசியில் அது எலுமிச்சை அளவு ஆனது. அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டார். மூன்றே நாளில் கட்டி பாதியாக வற்றிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. பிறகு திரும்பவும் வீங்கியது, மீண்டும் பற்று, மீண்டும் வற்றல். இப்படி நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கட்டியை வற்றவைத்தது பற்று இல்லை. வீங்குவதும் வற்றுவதும் அந்தக் கட்டியின் சொந்த இயல்பு. நாங்கள் வைத்தியம் என்று நம்பியது உண்மையில் நோயின் அடையாளம்.

அது மாஸ்ட் செல் கட்டி. மாஸ்ட் செல் என்பது எல்லா நாய்க்கும், நமக்கும் உடம்பில் இருக்கிற செல்தான். தோலிலும் குடலிலும் காவல் இருக்கும். ஒவ்வாமை வரும்போது தனக்குள் துகள் துகளாகச் சேர்த்துவைத்திருக்கும் ஹிஸ்டமின் போன்றவற்றை வெளியே கொட்டும். பூச்சி கடித்த இடம் தடித்துச் சிவப்பது அதனால்தான். இந்தச் செல்களே பெருகிக் கட்டியானால், அழுத்தினாலும் உரசினாலும் துகள்களைக் கொட்டி வீங்கும், சில நாளில் அடங்கும். நாய்களின் தோலில் வரும் புற்றுகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். பாக்சர், பக், லாப்ரடார் போன்ற இனங்களில் அதிகம். இதற்கென்று ஒரு முகம் கிடையாது என்பதே இதில் உள்ள ஆபத்து. சில நேரம் முடி கொட்டிச் சிவந்த பருவாக வரும், சில நேரம் தோலுக்கு அடியில் மெத்தென்று கொழுப்பு மாதிரியே இருக்கும். முப்பது வருட அனுபவம் உள்ள விரலையும் ஏமாற்றிவிடும்.

வைகாசி வாக்கில் வீரா சாப்பிட்டதை வாந்தி எடுக்க ஆரம்பித்தான். மலம் தார் போலக் கறுத்தது. வயிற்றுப் பூச்சி என்று மாத்திரை கொடுத்தோம். கட்டியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கும் என்பதும், கறுத்த மலம் செரித்த இரத்தம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வேறொரு மருத்துவர் ஊசி வைத்துப் பார்த்துச் சொன்னபோது, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணு நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. இத்தகைய கட்டியைச் சுற்றி 2 முதல் 3 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, அடியில் ஒரு படலம் ஆழத்துக்கு வெட்டியெடுக்க வேண்டும். கீழ்க்காலில் அவ்வளவு தோல் எங்கே இருக்கிறது? காபிக் கொட்டை அளவில் இருந்தபோது ஒருவேளை முடிந்திருக்கும். ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், அடுப்படிச் சாக்கில் படுத்தபடி போய்விட்டான். சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தோம். அதன்மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடியை நான் பறிக்க விடுவதில்லை.

ஆகவே மல்லியின் விலாவில் கட்டி தட்டுப்பட்ட மறுநாளே ஜீப்புக்குச் சொன்னேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். மல்லிக்கு எட்டாவது வளைவு தாண்டினால் வாந்தி வரும், அதனால் காலையில் வெறும் வயிற்றோடுதான் இறக்க வேண்டும். அடிவாரத்தில் வண்டி நின்றதும் மலைக் குளிர் போய்ச் சேலத்து வெயில் முகத்தில் அடிக்கும், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைக்க ஆரம்பிப்பாள். இத்தனைக்கும் ஊசி வைத்துப் பார்க்க ஆன செலவு ஜீப் வாடகையில் பாதிகூட இல்லை. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினேன். அவரிடம் நுழைந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "விரலால் பார்த்துச் சொல்ல வேண்டாம் டாக்டர், ஊசி வைத்துப் பாருங்கள்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் கேட்காவிட்டாலும் அதைத்தான் செய்வேன் அம்மா" என்றார்.

இந்த ஊசிச் சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை அறுவை சிகிச்சை மாதிரி நினைத்துப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். மயக்க மருந்து கிடையாது. நாம் இரத்தம் எடுத்துக்கொள்ளும் அதே மாதிரி மெல்லிய ஊசிதான். மல்லி மேசையில் நின்றாள், நான் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மருத்துவர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கட்டியை அசையாமல் பிடித்து, ஊசியைச் செருகி, சிரிஞ்சின் தண்டை லேசாகப் பின்னிழுத்தார். உள்ளுக்குள்ளேயே ஊசியின் திசையை இரண்டு மூன்று முறை மாற்றினார். பிறகு வெளியே எடுத்து, சிரிஞ்சில் காற்றை நிரப்பி, ஊசிக்குள் இருந்ததை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஊதித் தள்ளினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மல்லி என் சேலை முந்தானையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துக் காட்டினார். வடைச்சட்டியிலிருந்து தெறித்த மாதிரி பளபளவென்று எண்ணெய்த் துளிகள். "இதைக் காயவைத்துப் பாருங்கள்" என்று என் கையில் கொடுத்தார். விசிறியின் கீழ் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகியும் காயவில்லை. இரத்தமோ சீழோ காய்ந்துவிடும், கொழுப்பு காயாது. அந்தக் காயாத தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. அதற்காகத்தான் அவரை இன்றும் மதிக்கிறேன். "எண்ணெய் வந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தோலுக்கு அடியில் எல்லா நாய்க்கும் கொழுப்பு இருக்கிறது. ஊசி கட்டியைத் தவறவிட்டுப் பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தாலும் இதே எண்ணெய்தான் வரும்" என்றார். அதனால் இரண்டாவது முறை வேறோர் இடத்தில் குத்தி எடுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சாயம் ஏற்றுவதற்கு முன்பு தகட்டை ஆல்கஹாலில் முக்குவார்கள், அது கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். எனவே கொழுப்புக் கட்டியின் தகடு பெரும்பாலும் வெறிச்சென்று இருக்கும், அங்கங்கே பெரிய பலூன் மாதிரி சில கொழுப்புச் செல்கள் மட்டும் தெரியும். மாஸ்ட் செல் கட்டி என்றால் ஊதாத் துகள் நிறைந்த வட்டச் செல்கள் தகடு முழுவதும் கூட்டம் கூட்டமாக நிற்கும். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வெறுமையாகக் கிடந்த அந்தத் தகட்டைப் போல அழகான ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

லிப்போமா என்று எழுதிக் கொடுத்தார். கொழுப்புச் செல்கள் தாமாகப் பெருகி, மெல்லிய உறைக்குள் உருண்டையாகச் சேர்வது. நடுத்தர வயது தாண்டிய நாய்களுக்கு, அதிலும் உடல் பருத்த பெட்டை நாய்களுக்கு, நெஞ்சிலும் விலாவிலும் அக்குளிலும் வயிற்றிலும் வரும். ஒன்று வந்தால் இன்னும் சில வரக்கூடும். உறையோடு அடங்கியிருப்பது பரவாது, உயிருக்கு ஆபத்து இல்லை. தசை நார்களுக்குள் வேர் மாதிரி ஊடுருவும் வகை ஒன்று உண்டு, அதை முழுமையாக எடுப்பது கடினம், எடுத்த இடத்திலேயே திரும்ப வரும். கொழுப்புச் செல்லிலேயே புற்று வருவதும் உண்டு, ஆனால் அரிது. ஊசியில் எண்ணெய் வந்தாலும் ஆழமாகப் பதிந்து, அசையாமல், வேகமாக வளர்ந்தால் அதோடு நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "நடக்க, படுக்க இடைஞ்சல் இல்லையே, எதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும்? அளந்து குறித்துவையுங்கள்" என்றார். வீராவுக்கு நடந்ததை வைத்துக்கொண்டு, மல்லிக்கு ஒரு கட்டியையும் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ இரவு கையை அந்த விலாவிலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு சும்மா விடுவது வேறு, பார்க்காமல் சும்மா விடுவது வேறு. அதை என் மனதுக்குச் சொல்லிப் புரியவைக்கப் பல மாதம் ஆனது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மேலிருந்து பார்த்தால் மல்லி எப்படி இருப்பாள், இடப்பக்கம், வலப்பக்கம், வயிறு என்று நான்கு படம் வரைந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, நூலை வைத்து அளந்து ஸ்கேலில் பார்த்துத் தேதியோடு எழுதுவேன். மருத்துவர் சொன்ன கணக்கு எளிது: 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதத்துக்கு மேல் போகாமல் இருந்தாலோ ஊசி வைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது இன்னும் எளிது, தோல் நீக்கிய ஒரு காபிக் கொட்டையின் நீளம். அம்மாவுக்குக் கண் மங்கல், ஆனாலும் ஒரு கொட்டையை எடுத்துக் கட்டியின் பக்கத்தில் வைத்து விரலால் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். பழைய கட்டியைப் பார்த்தாகிவிட்டது என்பதற்காகப் புதிய கட்டியையும் அதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கொழுப்புக் கட்டிகள் ஏழு உள்ள நாய்க்கு எட்டாவதாக வருவது கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லி அப்போது 34 கிலோ. லாப்ரடார்களின் பசியைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, வயிறு நிறைந்தது என்பதை மூளைக்குச் சொல்ல உதவும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அந்த நாய் பேராசையால் தின்பதில்லை, உண்மையிலேயே அதற்குப் பசி அடங்குவதில்லை. இதைப் படித்த பிறகு நான் மல்லியை அதட்டுவதை விட்டேன். மாறாக எங்களைக் கட்டுப்படுத்தினேன். அம்மாவின் நெய்ச் சோறு நின்றது. தேநீரோடு கொடுக்கும் ரஸ்க் நின்றது. சேலம் போய்வரும் தம்பி வாங்கிவரும் தட்டுவடை செட்டில் மல்லிக்குப் பங்கு என்பது அடியோடு நின்றது. அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, நாயின் இரத்தச் சிவப்பணுவை அழிப்பவை அவை, கட்டி இல்லாத நாய்க்கும் கொடுக்கக் கூடாது. பதினான்கு மாதத்தில் 29 கிலோவுக்கு வந்தாள்.

கட்டி கரைந்ததா என்றால், இல்லை. சுற்றியிருந்த சதை வற்றியதும் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. "நாய் இளைக்கிறது, கட்டி பெருக்கிறதே கண்ணு" என்று அம்மா பதறினார். நோட்டை எடுத்து அளவைக் காட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. இளைப்பது கட்டியைக் கரைப்பதற்கு இல்லை, மூட்டுக்கும் மூச்சுக்கும் நல்லது, மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அதைத் தாங்கவும் உதவும்.

அந்த நேரமும் வந்தது. இடது முன்னங்காலின் அக்குளில் பிறகு வந்த இன்னொரு கட்டி 2023இல் சாத்துக்குடி அளவு ஆகி, காலை வெளிப்பக்கம் தள்ளியது. மேட்டில் ஏறும்போது நொண்டினாள். மீண்டும் ஊசி, மீண்டும் எண்ணெய், ஆனாலும் இது எடுக்க வேண்டிய கட்டி. நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா என்றும் யோசித்தோம், சேலத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்பதால் அதே மருத்துவரிடமே செய்துகொண்டோம். இரத்தம் எடுத்துச் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்த பிறகுதான் நாள் குறித்தார். தோலைக் கீறியதும் உருண்டை உறையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னார். வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. அதையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், லிப்போமாதான். கட்டி இருந்த குழியில் நீர் கோத்து வீங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார், அக்குள் எப்போதும் அசையும் இடம் அல்லவா. பத்து நாள் அவளை மேடு ஏறவிடாமல் நடுக்கூடத்தில் வைத்துக் காத்தோம். பதினொன்றாம் நாள் தையல் பிரித்து மேலே வந்ததும் நேராகக் களத்துக்கு ஓடினாள்.

பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காம்பை ஒட்டி வரும் கட்டியைக் கொழுப்பு என்று ஒருநாளும் விடாதீர்கள். அது மடிக்கட்டி, அவற்றில் ஏறத்தாழ பாதி புற்றாக இருக்கும். கருத்தடை செய்யாத நாய்களுக்கு அதிகம் வரும். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை தென்பட்டால் அவை வீங்கிய நிணநீர்க் கணுவாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட இடத்தில் வரும் சின்னத் தடிப்பு சில வாரத்தில் தானே போய்விடும். சண்டையில் கடிபட்ட இடம் சூடாக, தொட்டால் கத்தும்படி வீங்கினால் சீழ்.

தோட்டங்களில் இன்னமும் எருக்கம் பாலைக் கட்டியின் மேல் தடவுகிறார்கள். அது தோலைப் பொத்துப் புண்ணாக்கும், நாய் நக்கினால் வாய் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தோலுக்கு அடியில் இருக்கும் கட்டியை அது தொடுவதுகூட இல்லை. இதைச் சொல்வதால் என்னைச் சிலர் படித்த திமிர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் தின்றுவிட்ட நான்கு மாதம் எனக்குத் தெரியும், அதனால் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். பழம் பறிக்கும் அக்கா சென்ற வருடம் தன் நாட்டு நாயின் காதடியில் இருந்த ஒன்றைக் காட்ட என்னோடு ஜீப்பில் ஏறினார். ஊசியில் வந்தது வெறும் எண்ணெய்ச் சுரப்பியின் அடைப்பு. திரும்பி வரும்போது, பத்தாவது வளைவில், "பார்த்துவிட்டோம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மல்லிக்கு இப்போது பத்து வயது. மூக்கு நரைத்துவிட்டது. நோட்டில் எட்டு கட்டிகள் எண் போட்டு இருக்கின்றன, எட்டுக்கும் நேரே ஊசி வைத்த தேதி இருக்கிறது. போன ஞாயிறு உண்ணி பொறுக்கும்போது வலது தொடையின் உட்பக்கம் ஒன்பதாவது தட்டுப்பட்டது. மெத்தென்றுதான் இருக்கிறது, நழுவத்தான் செய்கிறது. அம்மா காபிக் கொட்டையை வைத்துப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் பெரிது என்றார். வியாழக்கிழமை காலைக்கு ஜீப் சொல்லியிருக்கிறேன்.